ஊருணியும் உன் வீட்டு வாசலும்

நம் ஊர்,
ஐப்பசி 24

அன்புள்ள மெய்யப்பா,

பங்குனியில் நீ போட்ட கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். ஏழு மாத மௌனத்துக்குக் காரணம் சோம்பல் என்று நீ முடிவு கட்டியிருப்பாய், பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் நம் குடிதண்ணீர் ஊருணி. உனக்கு எழுதினாலொழிய இனி அங்கே ஒரு வேலையும் நகராது என்ற கட்டம் வந்துவிட்டதால் எழுதுகிறேன். அதில் உனக்கும் பங்குண்டு. எப்படி என்று பிறகு சொல்கிறேன், பதறாதே.

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என் முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் சர்க்கரையைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ பொய்தான் சொல்வாய்.

சித்திரையில் நம் ஊர் நற்பணி மன்றத்தில் சேர்ந்தேன். சிரிக்காதே. மூன்று மரக்கன்று நடுவதற்கு முப்பது பேர் படம் போட்டுப் பதாகை வைக்கிறவர்கள் என்றும், பொன்னாடை போர்த்திக்கொள்வதற்காகவே சங்கம் நடத்துகிறவர்கள் என்றும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு நான் பேசியதெல்லாம் உனக்குத் தெரியும்; அவர்களுக்கும் தெரியும் என்பது சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வைகாசியில் இரத்த தான முகாம் நடத்தினார்கள். முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுப்பதில்லை என்று சொல்லி, 66 வயதான என் கையில் பிஸ்கட் தட்டைக் கொடுத்து, இரத்தம் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குப் பரிமாறச் சொல்லிவிட்டார்கள். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட செயலாளர், அடுத்த வேலைக்கு வயது வரம்பு கிடையாது என்றார். அந்த அடுத்த வேலைதான் ஊருணி.

1991-இலும் 1992-இலும் புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் இரவானால் அறிவொளி வகுப்பாக இருந்த நாட்களில், நாம் இருவரும் ஒரே சைக்கிளில் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்தோமே, அதற்குப் பிறகு நான் பொதுவேலை என்று எதற்கும் இறங்கியதில்லை. படிக்க வந்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு நம் சைக்கிளையே எடுத்துப் போய்விட, நாம் நடந்து திரும்பிய இரவு நினைவிருக்கிறதா? அன்று சைக்கிளை எடுத்துப் போனவர், அந்த 'ழ'காரம்மா, இந்தக் கடிதத்தில் வருவார். இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், எங்களோடு சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்தார்.

வேலை சட்டப்படிதான் தொடங்கியது. ஊருணி புறம்போக்கு நிலத்தில் இருப்பதால் நாம் நினைத்தபடி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. மே 1-ஆம் தேதி கிராம சபையில் மன்றத்தார் முன்பே போட்டு வைத்திருந்த தீர்மானத்தைக் காட்டி, வண்டல் அள்ளுவதற்குத் தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் சேர்த்து முதல் நாள் 43 பேர். பதாகை உண்டு, பிரியாணிப் பொட்டலமும் உண்டு. அடுத்த வாரம் 11 பேர். மூன்றாவது வாரம் ஆறு பேர். நான், சைக்கிள்கடை அண்ணன், 'ழ'காரம்மா, அவருடைய மருமகள், செயலாளர், அப்பாவுக்குப் பயந்து கூட வந்த அவருடைய மகன். அதன் பிறகு கடைசி வரை ஏறக்குறைய அந்த ஆறு பேர்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் நாள் வந்த 43 பேரைக் காட்டித்தான் ஜே.சி.பி. வாடகைக்கு வசூல் செய்ய முடிந்தது. ஆகவே பதாகையை இனி நான் திட்டுவதாக இல்லை.

சீமைக் கருவேலத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எல்லோரும் அரிவாளோடு கிளம்பி வெட்டித் தள்ளினார்கள். நம் ஊருணியிலும் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு நான்காகத் தழைத்து வந்து, நாங்கள் இறங்கும்போது படித்துறையே தெரியாத காடாக இருந்தது. அதைத் தூரோடு பிடுங்கினால்தான் உண்டு. இயந்திரம் நடுவில் பிடுங்கும். செம்புறாங்கல் சுவரின் இடுக்கிலும் படிகளின் பொருத்திலும் வேர்விட்டிருப்பதை இயந்திரம் தொட்டால் சுவரே பெயர்ந்து வரும் என்பதால், அங்கெல்லாம் கடப்பாரையும் கையும்தான். ஆடியில் ஒரு நாள் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் என் குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. 'ழ'காரம்மா என்னைப் படியில் உட்கார வைத்து, தாலிக் கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி, சுற்றிலும் கீறி, நுனி தெரிந்ததும் எருக்கம்பாலைச் சொட்டுவிட்டார். மறுநாள் முள் வெளியே வந்தது. "சார் காலை ஆட்டாம இருந்தா அன்னைக்கே வந்திருக்கும்" என்று இன்றைக்கும் குறை சொல்கிறார்.

புரட்டாசிக் கடைசியில் வேலை முடிந்தது. படி பதினேழும் வெளியே தெரிந்தன. செயலாளர் அழுதுவிட்டார், நான் அழவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.

ஐப்பசி முதல் வாரம் மழை கொட்டியது. நாங்கள் ஆறு பேரும் குடை பிடித்துக்கொண்டு ஊருணிக்கரையில் நின்றோம். முக்கால் மணி நேர மழை. வானத்திலிருந்து நேரே விழுந்த தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. வரத்து வாய்க்காலின் வாயில் ஒரு கை அகலத்துக்கு ஏதோ கசிந்தது, அவ்வளவுதான். நம் தெருத் தண்ணீர் முழுவதும் மேற்கே திரும்பி, தார்ச்சாலையில் ஏறி, பேருந்து நிறுத்தத்தில் குளமாகத் தேங்கியது. நான்கு மாதம் ஊருணியின் வயிற்றைச் சுத்தம் செய்தோம். அதன் தொண்டையை ஒருவரும் பார்க்கவில்லை.

நம் ஊரைக் கட்டியவர்கள் என்ன செய்து வைத்திருந்தார்கள் என்பதை அன்றிரவுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சாய்கிறது. முற்றத்து மூலையில் அண்டாவும் கிடாரமும் வைத்து வீட்டுக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டபின், மிஞ்சியது தரைக்கடியிலுள்ள கல் வாய்க்கால் வழியாக இரண்டாம் கட்டு என்கிற உள்பகுதியைக் கடந்து தெருவுக்கு வருகிறது. தெருவோர வாய்க்கால் அதை வாட்டம் பார்த்து ஊருணியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். நம் தெருவில் பத்தாயிரம் சதுர அடிக்குக் குறைந்த வீடு எது? வீட்டுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள், இருபத்திரண்டு வீடு, நீயே பெருக்கிப் பார், நீதானே கணக்கில் புலி. 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது நாம் எல்லோரும் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் சொல்லிப் பெருமைப்பட்டோம். வாசலில் ஓடிய வாய்க்கால் நம் பேச்சில் வரவேயில்லை.

மறுநாள் நில அளவைப் புலப்படத்தின் நகலை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தேடினோம். படத்தில் கோடு இருக்கிறது, தரையில் சிமென்ட் இருக்கிறது. அப்போது 'ழ'காரம்மா படத்தைப் பார்க்காமலேயே நடந்து, இங்கே ஒரு மதகுக்கல், இங்கே திரும்பும், இங்கே மணல் படியக் குழி என்று காலால் தட்டித் தட்டிக் காட்டினார். இரண்டு இடங்களில் தோண்டினோம். சொன்ன இடத்தில் சொன்ன கல் இருந்தது. எப்படித் தெரியும் என்று, பாராட்டுகிற குரலில்தான் கேட்டேன். சிறு பிள்ளையாக இருந்தபோது தானும் தன் அம்மாவும் படியில் இறங்கக் கூடாது என்பதால், யாராவது வந்து குடத்தில் ஊற்றுகிற வரையில் வரத்து வாய்க்கால் பக்கம்தான் நிற்க வேண்டும் என்றும், சில நாள் உச்சிவெயில் வரை நின்றதுண்டு என்றும், வேறு வேலையில்லாமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நின்றதால் ஒவ்வொரு கல்லும் மனப்பாடம் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மெய்யப்பா. வழி சொல்வதைப் போலச் சொன்னார்.

அந்த ஊருணியில் காலை நனைத்ததற்காக அப்பச்சியிடம் நாம் பட்ட அடியைத்தான் ஐம்பது வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்கு நாம் ஆறு மாதம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். அவர் எங்கே தண்ணீர் எடுத்தார் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் காலில் முள் எடுத்தாரே, அன்று உட்கார்ந்திருந்தது அந்தப் படியில்தான். இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

சரி, வாய்க்காலுக்கு வருகிறேன். தெருவில் பதினான்கு இடங்களில் அடைத்திருக்கிறது. முதல் அடைப்பு யாருடையது என்று நினைக்கிறாய்? என்னுடையது. 2009-இல் பெரியவன் கார் வாங்கியபோது வாசலில் சாய்தளம் போட்டேன். கொத்தனார் அடியில் பெரிய குழாய் வைக்கலாமா என்று கேட்டதற்கு, நாலு அங்குலக் குழாய் போதும் என்று பணத்தை மிச்சப்படுத்தியவன் நான்தான். உடைத்துப் பார்த்தால் அந்தக் குழாயினுள் தேங்காய் நாரும் ஷாம்பு உறைகளும் கெட்டியாக இறுகி, சிமென்ட்டைவிட உறுதியாக இருந்தன. என் வீட்டு வாசலை நானே உடைத்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "இதைப் போடும்போதே நான் சொன்னேன்" என்று வீட்டில் சொன்னாள்; சொல்லவில்லை, ஆனால் அதை வாதிடுகிற நிலையில் நான் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். சிமென்ட்டை எடுத்துவிட்டுத் தூக்கி வைக்கிற மாதிரிக் கற்பலகை போட்டுக் கொடுக்கிறோம். காரும் ஏறும், வருடத்துக்கு ஒரு முறை தூக்கித் தூர்வாரவும் செய்யலாம். மீதி நான்கும் பூட்டிய வீடுகள். அவற்றுக்காக நான் செய்கிற தொண்டு முழுவதும் தொலைபேசியில்தான். ஒரு வீட்டுக்குப் பதினொரு பங்கு; ஒருவர் பினாங்கில், ஒருவர் கோவையில், இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை; எல்லோரும் நல்ல காரியம் என்கிறார்கள், மற்றவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்கிறார்கள். நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபையில் இதைப் பேசினோம். நோட்டீசு கொடுத்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு முன் கேட்டுப் பார்ப்பதுதான் முறை என்று நான் எழுந்து சொன்னேன், ஏனென்றால் அந்த நான்கில் ஒன்று உன் வீடு.

உன் மகள் கல்யாணத்தில் பந்தல் சமமாக நிற்பதற்காக வாசலில் இருபத்திரண்டு அடி நீளத்துக்குத் தளம் போட்டோமே, அதன் அடியில் குழாய்கூட இல்லை, அளந்து பார்த்துவிட்டோம். போடும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றியவன் நான் என்பதால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல வழியில்லை. உள்ளே முற்றத்து வாய்க்கால் கெடாமல் இருக்கிறது. மழை பெய்தால் வெளியே போக இடமில்லாமல் உன் இரண்டாம் கட்டில்தான் தேங்குகிறது, அங்கே சுவர் கால் உயரத்துக்கு ஊறியிருக்கிறது. அதையும் நீ யோசித்துக்கொள்.

மன்றத்துக்கு நீ அனுப்பிய ஐயாயிரம் ரூபாய் வந்தது. ரசீது இத்துடன் இருக்கிறது. பணம் போதும். நீ இன்னும் ஐயாயிரம் அனுப்பிவிட்டு இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்துவிடுவாய் என்பதுதான் என் பயம். நானும் இத்தனை நாள் அப்படிச் செய்து பழகியவன். எனக்கு வேண்டியது உன் தம்பியிடமும் கேட்டு, தளத்தை உடைக்கலாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்காக விடிய விடிய விழித்திருந்ததாக எனக்கு நான்கு பக்கம் புலம்பி எழுதியவன் நீ. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது, தேவைப்பட்டால் கிராம சபையில் வாசிப்பேன்.

கார்த்திகை பத்துக்குள் தாள் வந்தால், அடுத்த மழைக்கு முன் உடைத்துவிடலாம். முடிந்தால் நீயே வா. சாவி உன் தம்பி வீட்டில் இருக்கிறது, உன் கட்டிலில் வௌவால் இருக்கிறது. என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

உன்,
லெட்சுமணன்

பி.கு.: தூர் வாரியபோது உன் சிலேட்டு கிடைக்கவில்லை. கிடைத்தவை பித்தளைச் செம்பு ஒன்று, பிளாஸ்டிக் குடம் ஒன்பது, சைக்கிள் மணி ஒன்று. மணி நம்முடையதில்லை என்று 'ழ'காரம்மா அடித்துச் சொல்கிறார்.