இலண்டனில் அலுவலகம் நடத்தும் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டத்தரணிகளுக்கு,

ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் கடைத்தெருக்களின் மேல்மாடிகளில் அலுவலகம் நடத்தி, எங்கள் மக்களின் தஞ்ச வழக்குகளையும் வீட்டு உறுதிகளையும் குடும்பப் பிணக்குகளையும் பல ஆண்டுகளாகச் சுமந்துவருபவர்கள் நீங்கள். அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சட்டப் பயிலுநராக இருந்தவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடமாட்டேன். வேறு அலுவலகங்களில் பயிலும் நண்பர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள் என்பதால், எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

2021 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் ஆவதற்கான வழி மாறியது. முன்பு, பயிற்சி ஒப்பந்தம் தர அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் எங்களைத் தெரிவுசெய்தால்தான் பெரும்பாலும் கதவு திறக்கும். இப்போது பட்டமோ அதற்கு இணையான தகுதியோ உள்ள ஒருவர் எஸ்கியூஈ எனும் சொலிசிட்டர் தகுதித் தேர்வின் இரண்டு பகுதிகளிலும் தேறி, அதிகபட்சம் நான்கு இடங்களில் சேர்த்த இரண்டு ஆண்டுப் பணி அனுபவத்தைக் காட்டி, நன்னடத்தைச் சரிபார்ப்பையும் கடந்தால் போதும். பெருநிறுவனங்களின் நேர்முகத் தேர்வு வரை கூடப் போக முடியாத என் போன்றவர்களுக்கு இந்த மாற்றம் உண்மையிலேயே ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பை எங்களுக்கு முதலில் தந்தவர்களும் நீங்களே. அதற்கான நன்றி என்றும் உண்டு.

ஆனால் எங்களை நீங்கள் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு முக்கிய காரணம் எங்கள் தமிழ். முதல் வாரத்திலேயே தஞ்சம் கோரும் ஒருவருக்கும் வழக்கைக் கையாளும் சட்டத்தரணிக்கும் நடுவில் அமர்த்தப்பட்டேன். அதன்பின் பெரும்பாலான நாட்கள் அந்த நாற்காலியிலேயே கழிந்தன. அது எவ்வளவு கனமான வேலை என்பது அறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. "ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டினம்" என்று ஒரு தாய் சொல்லும்போது, அது கைதா, கடத்தலா, சுற்றிவளைப்பில் எல்லோரோடும் சேர்த்துக் கொண்டுபோனதா என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் நான் முடிவுசெய்யவேண்டியிருந்தது. "இயக்கத்துக்கு உதவி செய்தனான்" என்று புலிகளைப் பற்றி ஒருவர் சொல்வது சோற்றுப் பொதி கொடுத்ததா, உறுப்பினராக இருந்ததா? யாழ்ப்பாணத்தார் "இடப்பெயர்வு" என்றால் பெரும்பாலும் 1995ஐயும், வன்னியார் சொன்னால் 2008, 2009ஐயும் குறிக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தவறான ஆண்டாக எழுதிவிட்டால், பின்னர் உள்துறை அலுவலகத்தின் நேர்காணலில் அவர் சரியான ஆண்டைச் சொல்வார். மறுப்புக் கடிதத்தில் அது "முரண்பாடு" என்று வந்து சேரும். மேன்முறையீடு செய்ய 14 நாட்களே இருக்கும்.

இத்தனை பொறுப்பும் தலையில் இருந்தும், ஒரு கேள்வியை நானாகக் கேட்க எனக்கு அனுமதி இருக்கவில்லை. "நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்" என்பதே கிடைத்த அறிவுறுத்தல். வந்தவர்களோ என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். "பிள்ளை, நீங்களே விளங்குற மாதிரி எழுதுங்கோ" என்று சொன்ன ஐயா ஒருவரை இன்றும் நினைக்கிறேன். அவர் என்னைத் தன் சட்டத்தரணிகளில் ஒருவராக எண்ணினார். அலுவலகம் அப்படி எண்ணவில்லை. எல்லா வேலையையும் ஆறு நிமிட அலகுகளாகப் பதியும் அந்த அலுவலகத்தின் நேரப் பதிவில், நான் மொழிபெயர்த்த மணித்தியாலங்களுக்கு ஒரு தலைப்புக் கூட இருக்கவில்லை.

எஸ்கியூஈயின் இரண்டாம் பகுதி கட்சிக்காரரை நேர்காணுதல், வாதிடுதல், வழக்கைப் பகுத்தாய்தல், சட்ட ஆய்வு, சட்டக் கடிதம், ஆவண வரைவு ஆகியவற்றைச் சோதிக்கிறது. நேர்காணல் அறையிலேயே இரண்டு ஆண்டுகள் இருந்த நான், என் முதலாவது நேர்காணலைத் தேர்வு மண்டபத்தில் ஒரு நடிகரோடுதான் செய்தேன். இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, அந்த இரண்டு ஆண்டுப் பணி அனுபவத்துக்கான கையொப்பம். பணி அனுபவத்தை உறுதிப்படுத்தும் சட்டத்தரணி, பயிலுநர் திறமைசாலியா என்று தீர்ப்பளிக்கவேண்டியதில்லை. எவ்வளவு காலம் வேலை செய்தார், சட்டத்தரணிக்குரிய திறன்களை வளர்க்க வாய்ப்புக் கிடைத்ததா, நடத்தை குறித்து ஐயம் எதுவும் எழுந்ததா என்பவற்றுக்கு மட்டுமே அவர் பதில் சொல்கிறார். எனக்கு அந்தக் கையொப்பம் கிடைக்க ஐந்து மாதங்கள் சென்றன. "இந்த ஃபைல் முடியட்டும்", "புதுப்பிள்ளை பழகட்டும்" என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. கேட்க வாய் எழாது, ஏனென்றால் அலுவலகத்தில் உங்களை அண்ணா என்றும் அக்கா என்றும் அழைக்கிறோம். வீட்டாருக்கும் உங்களைத் தெரியும். அந்த உறவின் கூச்சத்தை நம்பி ஒருவரின் தகுதியைத் தள்ளிப்போடுவது, உடன் பணிபுரிவோரை நியாயத்தோடும் மதிப்போடும் நடத்தவேண்டும் என்று 2023இல் உங்கள் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட வரிக்கு நேர் எதிரானது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பயிலுநர்களுக்கென்று தனியாக இருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை சொலிசிட்டர்களின் ஒழுங்குமுறை அமைப்பு 2014 ஓகஸ்டில் நீக்கியதிலிருந்து, தேசியக் குறைந்தபட்சக் கூலியே எங்களுக்கான சட்டப்படியான எல்லை. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண். எஸ்கியூஈ தொடங்கியபோது இரண்டு பகுதிகளுக்கும் சேர்த்து 3,980 பவுணாக இருந்த கட்டணமோ இப்போது 4,700ஐத் தாண்டிவிட்டது. சிறு அலுவலகங்களின் வரவு செலவு எனக்குத் தெரியும். பெருநிறுவனச் சம்பளத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் கேட்பவை செலவு குறைந்தவை. சாட்சிக்கூற்று எடுக்கும் அறையில் உரைபெயர்ப்புக்கு வெளியிலிருந்து ஒருவரை அமர்த்துங்கள். பயிலுநரைக் கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்காரவிடுங்கள். அது முடியாத நாளில், அவர் மொழிபெயர்த்த கூற்றைக் கையெழுத்துக்கு முன் தமிழ் தெரிந்த இன்னொருவர் கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டட்டும். அந்த நேரம் பதிவில் ஏறட்டும். ஒவ்வொரு மூன்று மாதமும் பயிலுநரின் பணிப் பதிவை அவரோடு இருந்து பார்த்து ஒப்பமிட்டுவந்தால், இரண்டாம் ஆண்டு முடியும் நாளில் உறுதிப்படுத்தலும் தயாராக இருக்கும்.

என் இடத்தில் இப்போது இன்னொரு பிள்ளை இருக்கிறார். அவருடைய இரண்டு ஆண்டுகள் வரும் பங்குனியில் முடிகின்றன.

பணிவுடன்,
முன்னாள் பயிலுநர் ஒருவர்