களத்துக்கு வரும் ஆளை நிறுத்தாதீர்கள்

விளையாட்டுப் பொருள் நிறுவனங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் சரக்கை விற்று, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டு, பிய்ந்த கிளவுஸைத் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிற ஒருவன் எழுதும் மடல் இது. வேண்டுகோள் ஒன்றுதான். களத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த உங்கள் விற்பனை ஆட்களை வீண் செலவு என்று நினைத்து நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் திரும்ப அனுப்புங்கள்.

ஆர்டர் எடுக்க ஆள் எதற்கு, ஆப் போதுமே என்று சொல்கிறீர்கள். சரி, ஆர்டர் எடுக்க ஆப் போதும்தான். ஆனால் அந்த ஆள் ஆர்டர் எடுக்க மட்டும் வரவில்லையே. மைதானத்தில் பயிற்சியாளரோடு நின்று பேசினார். உடைந்த மட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பிள்ளை மாவட்ட அணிக்குத் தேர்வானது, எந்தக் குழுவில் புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள், யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இதில் எதுவும் விற்பனை அறிக்கையில் ஏறாது. ஆனால் உங்கள் அடுத்த மாடல் ஓடுமா படுக்குமா என்பது இதில்தான் இருக்கிறது.

வேறு பல தொழில்களில் பொருளை விற்றதோடு கதை முடிந்துவிடும். நம் தொழிலில் விற்ற பிறகுதான் ஆரம்பம். மட்டை, காலணி, ராக்கெட் எல்லாமே ஓர் உடம்போடு சேர்ந்து வேலை செய்பவை. வாங்கியவர் ஆடி, வியர்த்து, விழுந்து எழுந்து வந்த பிறகுதான் அது நல்ல பொருளா என்று தெரியும். அந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர் உங்கள் ஆலைக்கு வர மாட்டார். தனக்குப் பழக்கமான ஒருவரிடம்தான் சொல்வார்.

ஸ்ட்ரிங் அறுந்த பேட்மின்டன் ராக்கெட் ஒன்று என் மேசைக்கு வந்தால், எங்கே அறுந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். நடுவில் அறுந்திருந்தால் ஆடி ஆடித் தேய்ந்தது, கவலையில்லை. பிரேம் ஓரமாக அறுந்திருந்தால் இரண்டில் ஒன்று. ஆடுகிறவர் அடியைத் தவறவிட்டு ஓரத்தில் வாங்குகிறார். இல்லையென்றால், துளையில் இருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குரோமெட் வெடித்து, அதன் விளிம்பு ஸ்ட்ரிங்கை அறுக்கிறது. வெடித்த குரோமெட் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடி தவறுவது தெரிய வேண்டுமானால் ஆளிடம் பேச வேண்டும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறார், ஸ்ட்ரிங்கின் டென்ஷன், அதாவது இறுக்கம், எவ்வளவு போட்டிருந்தார், தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று பேச்சு நீளும். கடைசியில் விஷயம் வெளியே வரும்: “நம்ம குரூப்புல நல்லா ஆடுற பையன் 28 பவுண்டு போடுறான், அதான் நானும் போட்டேன்.” அவர் ஆட்டத்துக்கு 23, 24 தாராளம். இறக்கிப் போட்டுக் கொடுப்பேன். ஸ்ட்ரிங் கூடுதல் நாள் தாங்கும், தோளும் பிழைக்கும். எனக்கு வர வேண்டிய கூலி குறையும், வாஸ்தவம். ஆனால் அவருடைய அடுத்த ராக்கெட்டுக்கும் அவர் மகளுடைய முதல் ராக்கெட்டுக்கும் என்னிடம்தான் வருவார். வருகிறவர்கள் நிறையப் பேர் இப்படி வந்தவர்கள்தான்.

இன்று உலகமே அறிந்த பெரிய நிறுவனங்கள் எப்படி எழுந்தன என்று பாருங்கள். பின்னாளில் ஆசிக்ஸ் ஆன காலணி நிறுவனத்தை 1949இல் ஜப்பானின் கோபே நகரில் தொடங்கிய கிஹாச்சிரோ ஒனிட்சுகா முதலில் செய்த கூடைப்பந்துக் காலணி எடுபடவில்லை. அவர் ஓர் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரிடம் போனார். வீரர்கள் பயிற்சி செய்யும் இடத்திலேயே இருந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கவனித்துக் கேட்டார். சட்டென்று நிற்கவும் சட்டென்று திரும்பவும் பிடிப்பு வேண்டும் என்பது அங்கே பிடிபட்டது. அந்தத் தேவை மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால்தான், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் இருந்த ஆக்டோபஸின் உறிஞ்சு குழிகளைப் பார்த்ததும் அடிப்பாகத்துக்கு யோசனை கிடைத்தது. ஆக்டோபஸ் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் பயிற்சிக் களத்தில் கழித்த நேரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த ஒனிட்சுகாவின் காலணிகளை அமெரிக்காவில் விற்கக் கிளம்பியவர் ஃபில் நைட். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்த பில் பௌவர்மேனுக்கு மாதிரிக் காலணிகளை அனுப்பினார். ஆசிரியர் இரண்டு ஜோடி வாங்கினால் போதும் என்ற நினைப்புதான். பௌவர்மேனோ நானும் பங்காளியாகச் சேருகிறேன் என்றார். 1964இல் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கிய ‘புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்’தான் பின்னாளில் நைக்கி ஆனது. பௌவர்மேன் காலணியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, இங்கே இப்படி மாற்றுங்கள் என்று ஜப்பானுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். தன்னிடம் ஓடுகிற பையன்களின் கால் அவருக்குத் தெரியும். அதனால்தான் எழுத முடிந்தது.

அந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் இவர்கள் இருவரும் அல்ல. 1965இல் முதல் முழுநேர ஊழியராகச் சேர்ந்த ஜெஃப் ஜான்சன். காலணி வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டு வைத்தார். கால் அளவு, எந்த மாடல் பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினார், பந்தயத்தில் நன்றாக ஓடியவருக்குப் பாராட்டு எழுதினார். அவர்களும் பதில் எழுதினார்கள். எங்கே வலிக்கிறது, எது பிய்ந்தது, எது போதவில்லை என்று எழுதினார்கள். மாரத்தான் ஓட இந்தக் காலணியில் மெத்தை போதாது என்று ஒருவர் எழுதியபோது, ஜான்சன் குளியலறைச் செருப்பின் ரப்பர் அடியை எடுத்து, செருப்பு தைக்கிறவர் ஒருவரைக் கொண்டு அந்தக் காலணிக்குள் பொருத்தி அனுப்பி வைத்தார். நீண்ட தூர ஓட்டக் காலணிக்கு மெத்தை வேண்டும் என்ற பாடம் அந்த நிறுவனத்துக்கு ஓர் ஓட்டக்காரர் எழுதிய கடிதத்திலிருந்தும் வந்தது. அவர் எழுதியது நிறுவனத்துக்கு அல்ல, ஜான்சனுக்கு. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் ஓட்டக் காலணியின் பின்பகுதியை ஒரு நிறுவனம் ஒரு சீசனில் மாற்றியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் குதிகாலுக்கு மேலே தோல் உரிந்து ஒருவர் பின் ஒருவராகத் திரும்ப வந்தார்கள். உள்ளே விரல் விட்டுத் தடவினால் தையல் மடிப்பு ஒன்று துருத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. யாரிடம் சொல்வது? களத்துக்கு வந்துகொண்டிருந்தவரை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். ஆப்பில் எழுதினேன், புகார் எண் வந்தது. அளவு தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்று பதில் வந்தது. பழைய ஆள் இருந்திருந்தால் ஒரு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு போய், நேராக வடிவமைப்பாளர் மேசையில் வைத்திருப்பார். அந்த சீசன் முழுக்க அதே மடிப்போடுதான் சரக்கு வந்தது. அந்த மாடலைப் பல வருடம் விடாமல் வாங்கியவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். குறை சொன்னவர்களை நாம் நம்பவில்லை என்றல்லவா அவர்களுக்குப் பட்டது?

குறையோடு வருகிறவர்தான் உண்மையில் உங்கள் பக்கம் இருப்பவர். பிடிக்காதவர் சொல்லாமலே போய்விடுவார். விமானத் துறைப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட் 1940களின் கடைசியில் உலோகப் பனிச்சறுக்குப் பலகை செய்ய முனைந்தபோது, பனிச்சறுக்குப் பயிற்சியாளர்களிடம் கொடுத்து ஓட்டச் சொன்னார். உடைத்துக் கொடுத்தார்கள். திருத்தி எடுத்துப் போனார், மறுபடி உடைத்தார்கள். திரும்பத் திரும்ப உடைபட்டுத்தான் அந்தப் பலகை தேறியது. அவரோடு சளைக்காமல் மல்லுக்கட்ட அந்தப் பயிற்சியாளர்களுக்கு என்ன கட்டாயம்? திருத்திக்கொண்டு வருவார் என்று நம்பினார்கள், அவ்வளவுதான்.

1954 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியும் உங்களுக்குத் தெரிந்ததே. பெர்ன் நகரில் மழை. மேற்கு ஜெர்மனிப் பயிற்சியாளர் ஸெப் ஹெர்பெர்கரோடு நெருங்கிப் பழகிய அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் அணியோடே இருந்தார். திருகிக் கழற்றி மாட்டும் ஸ்டட்கள் (அடிப்பாகத்துக் குமிழ்கள்) கொண்ட அவருடைய பூட்ஸில், சேற்றுக்குத் தகுந்த நீளமான ஸ்டட்களை மாட்ட முடிந்தது. குழு ஆட்டத்தில் 8–3 என்று தங்களைத் துவைத்து எடுத்த ஹங்கேரியை அன்று அவர்கள் 3–2 என்று வென்றார்கள். பூட்ஸால் மட்டும் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூட்ஸ் செய்தவர் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றார் என்பது அடிடாஸுக்குத் தேடித் தந்த பெயரை எந்த விளம்பரமும் தந்திருக்காது.

எதிர்ப் பக்கமும் உண்டு. கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கறி 2013இல் நைக்கியை விட்டு அண்டர் ஆர்மருக்குப் போனார். அதற்கு முன் நடந்த சந்திப்பில் நைக்கி ஆட்களில் ஒருவர் அவர் பெயரையே தவறாக உச்சரித்ததாகவும், திரையில் காட்டிய பக்கம் ஒன்றில் கெவின் டுரான்ட் என்ற வேறொரு வீரரின் பெயர் இருந்ததாகவும் அவருடைய அப்பா டெல் கறி பிற்பாடு சொன்னார். வேறொருவருக்குத் தயாரித்ததை எடுத்து வந்து காட்டினார்கள் என்றுதானே பொருள்? அண்டர் ஆர்மரோ, கெவின் பிளாங்க் என்பவர் தன்னோடு ஆடிய பழைய கல்லூரித் தோழர்களுக்கு பனியன் கொடுத்து, போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று 1996இல் ஆரம்பித்த நிறுவனம்.

பணக் கஷ்டத்திலும் மனிதர்தான் கை கொடுப்பார்கள். 1975இல் வங்கி கைவிட்டு, நைக்கி மூழ்கும் நிலைக்கு வந்தபோது, அவர்களோடு தொழில் செய்துவந்த நிஷோ இவாய் என்ற ஜப்பானிய வர்த்தக நிறுவனம் அந்த வங்கிக் கடனை அடைத்துக் காப்பாற்றியது. உங்களுக்குத் தோல் தருகிறவர், மரம் தருகிறவர், கையால் பந்து தைத்துத் தருகிறவர்களை ஒவ்வொரு சீசனுக்கும் சில காசு குறைகிறது என்று மாற்றிக்கொண்டே இருந்தால், நெருக்கடி வரும் நாளில் யார் கடனுக்குச் சரக்கு தருவார்கள்?

உறவு என்று சொன்னதும் சிலர் கமிஷன் என்று புரிந்துகொள்கிறார்கள். அதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்து, அவர் கைகாட்டும் காலணியைத்தான் பிள்ளைகள் வாங்க வேண்டும் என்று செய்வது உறவே அல்ல. பயிற்சியாளர் மேல் பெற்றோர் வைத்திருக்கும் நம்பிக்கையை விலைக்கு வாங்குவது அது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வீரர்களின் குடும்பங்களுக்கு மறைவாகப் பணம் போன விவகாரத்தில், ஒரு பெரிய காலணி நிறுவனத்தின் அதிகாரியை 2018 அக்டோபரில் நடுவர் குழு குற்றவாளி என்று தீர்ப்பளித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பயிற்சியாளருக்குக் கொடுக்க வேண்டியது உங்கள் காது. புதுப் பொருளை முதலில் அவரிடம் கொடுங்கள், நன்றாக இல்லை என்று அவர் சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் மாணவர்களுக்குச் சலுகை தர விரும்பினால் பில்லிலேயே தள்ளுபடியாகக் காட்டுங்கள்.

அப்புறம், பழக்கம் இருக்கிறதே என்று எழுத்தில் எதையும் போடாமல் விடுவதும் தப்பு. ஒனிட்சுகாவும் புளூ ரிப்பனும் கூட 1970களின் தொடக்கத்தில் பிரிந்து நீதிமன்றம் வரை போனார்கள். யாருக்கு எந்தப் பகுதி, எத்தனை நாள் கடன், திரும்பி வரும் சரக்குக்கு யார் பொறுப்பு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நட்பு கெடாது.

இனி நேராகக் கேட்கிறேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஆளை, மூன்று வருடமாவது மாற்றாமல் வையுங்கள். வருடத்துக்கு ஓர் ஆளை மாற்றினால், பெயர்களைப் பழகி முடிப்பதற்குள் அவர் போய்விடுவார். அவருக்கு விற்பனை இலக்கு மட்டும் கொடுக்காதீர்கள். குறையுள்ள பொருளைக் கையோடு எடுத்து வந்து வடிவமைப்பாளரிடம் நேரில் காட்டும் உரிமையும் கொடுங்கள். ஸ்ட்ரிங் போடுகிறவர்களையும் மட்டை சீர் செய்கிறவர்களையும் வருடம் ஒருமுறையாவது அழைத்து, புது மாடலை அவர்கள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். எது முதலில் உடையும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த சீசன் காலணியை முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் வடிவமைப்பாளரை ஒரு வாரம் எங்களிடம் அனுப்பி வையுங்கள். காலையில் ஓடுகிறவர்களோடு மைதானத்தில் நிற்கட்டும், மாலையில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்காரட்டும். காலணியைக் கழற்றிக் காட்டத் தயாராக இருக்கிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சரக்கை நம்பி விற்கும் ஒருவன்