எட்டு மணிக்கு யாரும் பார்ப்பதில்லை

ஊரப்பாக்கம்,
14.7.2024, ஞாயிறு

ஏட்டி பேச்சி,

திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. ஏழு மாதமாக நீ என்ன அனுப்பினாலும் கட்டைவிரலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன், தப்புதான். நீ அனுப்பிய குல்லாய் வந்து சேர்வதற்குள் அவன் தலை பெரிதாகிவிட்டது. அப்படியே நம் வார்டன் தலை. மாட்டுப் பொங்கலன்று பிறந்தவனுக்கு நீ வைத்த பெயர்தான் வீட்டில் நிலைத்துவிட்டது. என் மாமியாருக்கு இன்னும் அதன் அர்த்தம் தெரியாது, தெரியவும் வேண்டாம். அம்மா சுகம், முழங்காலைத் தவிர. அவரும் சுகம். பிள்ளை பிறந்தபோது அவருக்குக் கிடைத்த லீவு ஐந்து நாள், அதுவும் சொந்த லீவு. தனியாரில் அப்பாக்களுக்கு லீவு கொடுக்கச் சட்டமே இல்லையாம். அந்த ஐந்து நாளில் மூன்று நாள் தூங்கினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 24 திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய லீவு, கணக்காக 26 வாரம். நீ பன்னிரண்டு மாதம் எடுத்துவிட்டு, "லீவு போனதே தெரியலட்டி" என்று என்னிடமே புலம்பினாய், ஞாபகம் இருக்கிறதா? 2021-இல் அரசு ஒன்பதைப் பன்னிரண்டு மாதமாக்கியபோது நீ அனுப்பிய நடன வீடியோவை இன்னும் வைத்திருக்கிறேன். பரீட்சை எழுது எழுது என்று நீ தலைப்பாடாய் அடித்துக்கொண்டபோது நான் சிரித்தேன். இப்போது நீ சிரித்துக்கொள்.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போதே எச்.ஆர். மேடத்தைப் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் நேரம் ஒன்பதரை முதல் ஆறு. ஆறுக்குக் கிளம்பினால் கிண்டியில் தாம்பரம் வண்டிதான் அடுத்தடுத்து வரும். செங்கல்பட்டு வண்டிக்கு நிற்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது ஏழரை ஆகிவிடும். அதுவே எட்டு மணிக்குப் போய் நாலரைக்குக் கிளம்பினால் ஐந்தே முக்காலுக்குப் பிள்ளை கையில் இருப்பான். கேட்க வேண்டியது இவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். அங்கே போய் உட்கார்ந்து, அந்த அம்மா "சொல்லுங்க சுப்பு" என்றதும் என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்ல மேடம்."

யாரும் கேட்கவில்லை பேச்சி! நானாகச் சொன்னேன். அந்த அம்மா உடனே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். டவுனில் நூற்று இருபது ரூபாய்த் துப்பட்டாவை நாற்பதுக்குக் கேட்டு, கடைக்காரனை அழவைத்து, வாங்காமலே வந்தவள் நீ. உன்னோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

அன்று ராத்திரி பிள்ளை தூங்கினதும் மகப்பேறு லீவுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிப்பது பற்றி 2017-இல் ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் பேசி வைத்துக்கொள்ளும் நிபந்தனைப்படி, அனுமதிக்கலாம். 'லாம்'. அந்த ஒரு 'லாம்'மில் எச்.ஆர். பத்து வருடம் குடித்தனம் நடத்தலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றும் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் விரல்விட்டு எண்ணினேன், 43. வாட்ச்மேன் இரண்டு பேர், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் மூன்று பேர், டிரைவர் அண்ணன் எல்லாரையும் சேர்த்தால் 49. ஒரு ஆள் குறைகிறதடி. ஐந்து மாதப் பிள்ளையை ஊழியராகச் சேர்த்துக்கொள்வார்களா என்று அவரிடம் கேட்டேன். தூக்கத்திலேயே "ம்" என்றார்.

ஆனால் 'லாம்' இல்லாத ஒன்றும் அதில் இருந்தது. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு நேரம் போக, பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை கொடுத்தாக வேண்டும். இது 1961-லிருந்தே இருக்கிறது. இதை அப்புறம் சொல்கிறேன், எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது இதுதான்.

மறுநாள் மெயில் எழுதினேன். நாலு தடவை எழுதி, ஒவ்வொரு தடவையும் ஒரு 'மன்னிக்கவும்' என்பதை நீக்கினேன். ஒன்பதரை முதல் ஆறு என்றாலும் எட்டரை மணி நேரம், எட்டு முதல் நாலரை என்றாலும் எட்டரை மணி நேரம். நேரம் இடம் மாறுகிறதே தவிரக் குறையவில்லை, அதனால் சம்பளம் குறையத் தேவையில்லை, நான் முன்பு சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று எழுதினேன். அப்புறம் எங்கள் ஆபீஸின் அமாவாசை, ஏகாதசிகளை, அதாவது வரிக் கெடு நாட்களை, பட்டியல் போட்டேன்: 7-ஆம் தேதி டி.டி.எஸ். பிடித்த வரி கட்ட வேண்டும், 11 ஜி.எஸ்.டி.ஆர்.-1 கணக்கு, 15 பி.எஃப்., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. 3பி கணக்கு. இந்த நாலு நாளும் வேலை முடியும்வரை இருப்பேன், மற்ற நாள் நாலரை, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து.

இதில் நாலரைக்கு ஜி.எம். தலையாட்டிவிட்டார், நம்ப மாட்டாய். வெள்ளிக்கிழமைக்குத்தான் கொதித்தார். காரணம் கேள்: "ஓ.டி.பி. எம்.டி. போனுக்கு வரும்மா, வீட்ல இருந்துக்கிட்டு யாரு கேக்குறது?" இங்கேயும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று போனில்தான் கேட்கிறோம், சார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கடைசியில் மாதத்துக்கு இரண்டு வெள்ளி என்று முடிந்தது. மூன்று மாதம் பார்ப்பார்களாம், அப்புறம் மறுபடி பேச்சு. சம்பளத்தில் கை வைக்கவில்லை. எல்லாம் எழுத்தில் வாங்கிவிட்டேன். வாயால் சொன்னதோடு விட்டுவிடாதே என்று நீதான் அந்தப் புளியோதரை வழக்கில் கற்றுக்கொடுத்தாய்.

இடைவேளைக்குக் கொடுத்த இடம், பழைய வவுச்சர்க் கட்டுகள் கிடக்கும் ஸ்டோர் ரூம். தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு நாற்காலியை அண்டக் கொடுத்து, 2011-12 என்று சாக்பீஸில் எழுதிய அட்டைப்பெட்டி மேல் பால் எடுக்கும் பம்ப்பை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். வெளியே ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைப்பத்தோடு காவல். பால் பாட்டிலைக் கறுப்புக் கவரில் சுற்றி, ஃபிரிட்ஜில் யாரோ மறந்துபோன தயிர் டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கிண்டியில இருந்தா பாலு வருது?" என்றாள்.

இனிதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. இதைச் சொல்லத்தான் கடிதமே.

இரண்டாவது நாள் நாலரைக்குப் பையை எடுத்தேன். புதிதாக வந்திருக்கும் பையன் ஒருவன், நல்ல பையன்தான், "என்ன மேடம், ஹாஃப் டேயா?" என்று சிரித்தான். கூட இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வண்டியில் பல்லாவரம் தாண்டும்போதுதான் கலா அக்கா ஞாபகம் வந்தது.

உனக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன். 2016-இல் எனக்குப் பக்கத்து மேசை. அப்போது லீவே 12 வாரம்தான். திரும்பி வந்தபோது அவர்கள் பிள்ளைக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. நாலரைக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் நாலைந்து பேர், எல்லாம் கல்யாணமாகாத கழுதைகள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். டி.டி.எஸ். ரிட்டர்ன் நேரத்தில் ஒரு நாள் நான் சத்தமாகவே சொன்னேன்: "சிலருக்கு மட்டும் நாலரைக்கே ஆபீஸ் முடிஞ்சிருது." அவர்கள் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். தினம் பதினோரு மணிக்குப் பாத்ரூமுக்குப் போனால் பதினைந்து நிமிடம் ஆகும், அதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். அது என்ன என்று உனக்குக்கூட எழுத மாட்டேன். அவர்களுக்கு அந்த ஸ்டோர் ரூம்கூட இல்லை பேச்சி. சட்டத்தில் இருந்தது, ஆபீஸில் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

இப்போது தினமும் எட்டு மணிக்கு நான்தான் போய் லைட்டைப் போடுகிறேன். ஒன்பதரை வரை பெரிய ஹாலில் நானும் ஏ.சி. சத்தமும் மட்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலை மத்தியானம் முழுக்க முடியாது. கலா அக்காவும் அப்படி வந்து லைட் போட்டவர்கள்தானே? நாங்கள் வரும்போது எரிந்துகொண்டிருக்கும், யார் போட்டது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அடுத்த மார்ச்சில் வேலையை விட்டுவிட்டார்கள். நான் சொன்ன சொல்லால்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிரிவு விருந்தில் கேக் வெட்டி எனக்கு முதல் துண்டைக் கொடுத்தார்கள்.

பழைய போனில் அவர்கள் எண் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். எட்டு வருடம் கழித்து என்னவென்று ஆரம்பிப்பது? 'அக்கா, எனக்கும் பிள்ளை பிறந்திருக்கிறது' என்றா? நீ இருந்தால் என் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுக் கொடுத்திருப்பாய்.

பையன் எழுந்துவிட்டான், சீக்கிரம் முடிக்கிறேன். அம்மா ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறாள், தடுத்துப் பார்த்தேன், கோமதியம்மன் கூப்பிடுகிறாளாம். பத்து நாள் மாமியார் இங்கே வந்து இருக்கிறேன் என்றிருக்கிறார்கள். பேச்சுவார்த்தை இனி அங்கே. வரும் வெள்ளி ராத்திரி பொதிகையில் ஏற்றிவிடுகிறேன். சனிக்கிழமை உனக்கு லீவுதானே, சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய்விடு. படி உயரம், முழங்காலோடு தனியாக இறங்க முடியாது, ஆனால் முடியும் என்று சொல்லுவாள். பையில் உன் மகளுக்கு ஒரு கவுன் இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்து வை, திரும்பி வரும்போது கொடுத்துவிடு. இங்கே கடையில் வாங்கியதை இந்த வார்டன் துப்பிவிட்டான்.

சுப்பு