குளத்துக் கரைக்குக் கிழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் நாற்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று ஆளாளுக்குப் பேசிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது நான்கெல்லை, அதாவது நிலத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதுவது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய கிரயப் பத்திரங்களில் 'குளத்துக் கரைக்குக் கிழக்கு, மறுகால் ஓடைக்கு வடக்கு' என்று எல்கை சொல்லியிருக்கும். (குளம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழிதான் மறுகால்.) தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாங்குகிறவருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும். அதே நஞ்சை மனையாகப் பிரிந்ததும் '23 அடி ரோட்டுக்குத் தெற்கு, மனை எண் 14-க்கு மேற்கு' என்றாகிவிடுகிறது. குளம் அங்கேயேதான் கிடக்கிறது, பத்திரத்தில்தான் காணோம். சட்டப்படி அதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள சிந்துபூந்துறை, கைலாசபுரம், கொக்கிரகுளம் மூழ்கியதில் அதிசயம் ஒன்றுமில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று பார்த்தே ஆற்றை அளக்கிற ஊர் இது. ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஆறு தெரியும். குளத்துக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத்தான் தங்கள் தலைக்கு மேலே என்ன நிற்கிறது என்று தெரியாது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம்.

இங்கிலாந்தில் நிலப் பயன்பாட்டுக்காகப் போடும் வெள்ள வரைபடத்தில் ஒரு நல்ல முறை உண்டு. தடுப்புச் சுவரோ கரையோ இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் மண்டலம் பிரிப்பார்கள். எந்த ஒரு வருஷத்திலும் ஆற்றுவெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்போ அதற்கு மேலோ இருந்தால் அது ஆபத்து அதிகமான மூன்றாம் மண்டலம். முன்னால் எவ்வளவு பெரிய சுவர் நின்றாலும் அந்தப் பெயர் மாறாது. சுவர் காக்கிற நிலத்தைத் தனியாகக் குறித்துக் காட்டுவார்கள். நூற்றில் ஒன்று என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 30 வருஷ வீட்டுக் கடன் அடைந்து முடிவதற்குள் ஒரு தடவையாவது வெள்ளம் வர ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால் வயிறு கலங்கும்.

ஆனால் அதை அப்படியே இங்கே பெயர்த்து வைத்தால் காரியம் ஆகாது. அவர்கள் சுவர் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. நம் குளத்துக் கரை தண்ணீரை உள்ளே தேக்குகிறது. அது உடைந்தால் அன்றைய மழையோடு தேங்கிய தண்ணீரும் சேர்ந்து வரும். ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி நம் முன்னோர் கட்டியிருப்பதால், மேல்குளம் போனால் கீழ்க்குளத்துக் கரையும் தாங்காது. கீழே நெல் நின்றவரை ஒரு போகம் போகும், அவ்வளவுதான். இப்போது அங்கே வீடு நிற்கிறது.

ஆகவே வரைபடத்தில் இரண்டு நிறம் வேண்டும். கரையே இல்லையென்றால் வெள்ளம் எதுவரை வரும் என்பது ஒன்று. கரை உடைந்தால் தண்ணீர் எந்த வழியாக, எத்தனை அடி உயரத்துக்குப் பாயும் என்பது மற்றொன்று. இரண்டாவது நிறத்தில் யாரும் வீடே கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை; பிறகு பாதி ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், துணைமின் நிலையம் வேண்டாம். வீட்டுக்குத் தரைமட்டம் இத்தனை அடி உயர வேண்டும் என்று ஒப்புதலிலேயே எழுதட்டும். மறுகால் பாதையில் மட்டும் ஒரு செங்கல்கூடக் கூடாது. (வேய்ந்தான்குளம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டே அங்குள்ள புதிய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறுகிறவர்கள் நாம்.)

இதை யார் வரைவது? பொறுப்பு நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள குளம் ஊராட்சி ஒன்றியத்திடம், பெரிய குளம் நீர்வளத்துறையிடம், மனைப்பிரிவு ஒப்புதல் நகர் ஊரமைப்புத் துறையிடம், பத்திரம் பதிவுத்துறையிடம். வெள்ளச் சமவெளியை மண்டலமாகப் பிரிக்க மத்திய அரசு மாதிரி மசோதா அனுப்பியது 1975-இல். மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற சில மாநிலங்களே சட்டம் போட்டன.

நிலத்தின் விலை இறங்கிவிடும் என்பார்கள். இறங்கும்தான். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு மனைப் பத்திரத்தில் 'குளத்துக் கரைக்குக் கிழக்கே அமைந்த' என்று நானாகச் சேர்த்தேன். வாங்க வந்த பையன், "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் விற்கிறவர் அந்த வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அந்த வரி இல்லாமல் பதிய முடியாது என்று அரசு உத்தரவு இருந்திருந்தால் அவரும் கேட்டிருக்க மாட்டார், நானும் எடுத்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
பாளையங்கோட்டை