ஆய்வுகூடக் கூரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கு,

நம் பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடக் கூரை வேலை மாரிக்கு முதல் முடிந்துவிட்டது. முதல் மழைக்கு உள்ளே நின்று பார்த்தோம். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

ஓடுகளைக் கழற்றியபோதுதான் சங்கதி தெரிந்தது. வெளியே திடமாகத் தெரிந்த, ஓடு தாங்கும் பனஞ்சிலாகைகள் விரலால் அழுத்த மாவாக உதிர்ந்தன. உள்ளே முழுக்கக் கறையான். ஓடுகளை மட்டும் மாற்றப் போட்ட மதிப்பீடு அன்றோடு போச்சு. இரும்புச் சட்டத்துக்கு மாறினோம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கம்பி, சீமெந்து விற்கிற விலை உங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றுமதிலை இம்முறை விட்டுவிட்டோம். தண்ணீர்க் குழாயும் வயரிங்கும் முடிந்தன.

நம்முடையது மாகாணப் பாடசாலை. சம்பளம், பாடநூல், சீருடை அரசாங்கம் தருகிறது. கூரைக்குக் கேட்டால் 'நிதி கிடைத்ததும்' என்பதே பதில். ஆகவே உங்களிடம் வந்தோம். கோயில் திருப்பணி என்றால் நோட்டீஸ் அடிக்க முதல் காசு வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் நாலு தரம் வாட்ஸ்அப் போட வேண்டியிருந்தது. கோபிக்க வேண்டாம். தனிப் பெயர்க்கல் கேட்டவர்களுக்கு மறுத்துவிட்டோம். தந்தவர்கள் எல்லாருடைய பெயரும் ஒரே பலகையில், தொகை இல்லாமல் இருக்கும்.

இனிச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு. கூரை போட்டதால் கணிதச் சித்தி கூடிவிடாது. உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அதில் முதல்மொழியும் கணிதமும் கட்டாயம். நம் பிள்ளைகள் விழுவது கணிதத்தில்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் நகரப் பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு அந்தப் பாடசாலைகளின் பெறுபேற்றோடு நம்முடையதை ஒப்பிட்டுப் பேசுவது சரியில்லை. அரசாங்க வகைப்பாட்டில் நம்முடையது 1சி தரப் பாடசாலை என்பதால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் இங்கே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை சாதாரண தரத்தோடு கிளம்பிவிடும்.

மிஞ்சிய பணத்தைப் பின்னேரக் கணித வகுப்புக்கு ஒதுக்கலாம் என்பது குழுவின் எண்ணம். மதிலைக் கட்டுவோம் என்கிறவர்களும் உண்டு. பொதுக்கூட்டத்தில் தீர்மானிப்போம். மதில் கண்ணுக்குத் தெரியும், வகுப்பு தெரியாது, அதுதான் சிக்கல்.

பற்றுச்சீட்டுகள் அதிபர் காரியாலயத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். கழற்றிய ஓடுகளில் உடையாதவை சைக்கிள் கொட்டகைக்குப் போயின. அதற்குரிய கூலியைக் கணக்கில் தேட வேண்டாம். மேசன் வேலை தெரிந்த இரண்டு பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சும்மா செய்து தந்தார்கள்.

நிர்வாகக் குழு,
பழைய மாணவர் சங்கம், யாழ்ப்பாணம்