யாழ்ப்பாணத்துக் கலியாணத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

சாதகம் பொருந்தினால் அடுத்து ஊரில் விசாரிப்பீர்கள்: "குடும்பத்தில ஆருக்கும் மனவருத்தம் இருக்கோ?" என் தம்பிக்கு இருதுருவக் கோளாறு (bipolar) இருக்கிறது; மனம் சில காலம் அளவுமீறி எழும்பி, சில காலம் ஆழமாகச் சோர்ந்துபோகும் மனநோய் அது. அது தெரிந்ததும் என் தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. "பரம்பரை வருத்தமாம்" என்றார்கள்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய பங்கு உண்டு. ஆனால் அது எப்படிப்பட்ட பங்கு என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். பொதுவாக நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இந்த நோய் வருகிறது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் அது நூற்றுக்கு 5 முதல் 10 வரை ஆகலாம். அப்படியென்றால் என் தங்கையைப் போன்ற நூறு பேரில் 90 பேருக்காவது வராது. ஒரே மரபணுக்களோடு பிறக்கும் இரட்டையரில்கூட, ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை.

இதற்குக் காரணமான மரபணு ஒன்றே ஒன்று என்றும் இல்லை. 2025இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இந்நோயோடு தொடர்புடைய 298 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் பல எல்லோரிடமும் பரவலாக இருப்பவை. நரம்புக் கலங்களுக்குள் கல்சியம் போகும் வழியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லக்கூடிய குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருக்காது, உங்கள் குடும்பங்களும் சேர்த்துத்தான்.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். உங்கள் விசாரிப்புக்குப் பயந்து சனம் கிளினிக்குக்குப் போவதை மறைக்கிறது. கலியாணம் நெருங்க மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். 1949இல் அவுஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜோன் கேட் அறிமுகப்படுத்திய லிதியம் இன்றும் முக்கியமான மருந்து. அதைத் திடீரென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பலாம். தூக்கம் கெடுவதும் இந்த நோயைக் கிளப்பிவிடும். கலியாண வீட்டில் யார் ஒழுங்காகத் தூங்குகிறார்கள்? பெண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வல்புரோயேட் மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். பிள்ளை பிறந்த முதல் வாரங்களில் நோய் கடுமையாகத் திரும்பும் ஆபத்தும் உண்டு. புருசனுக்கும் மாமிக்கும் மறைத்த வருத்தத்துக்கு அந்த நேரம் யார் துணை நிற்பது?

அதனால் ஒன்று கேட்கிறேன். தெல்லிப்பழை ஆசுபத்திரி மனநலப் பிரிவில் ஆரைக் கண்டது என்று துருவுவதை விடுங்கள். சகோதரத்துக்கு வருத்தம் என்பதற்காக ஒரு குறிப்பை ஒதுக்கி வைக்காதீர்கள். மணமகனுக்கோ மணமகளுக்கோ வருத்தம் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு இரு பகுதியையும் நேரில் பேச வையுங்கள். மருந்து ஒழுங்காகப் போகிறதா, கிளினிக் தவறாமல் நடக்கிறதா என்று அவர்களே கேட்டறியட்டும். பேசியது சரிவரவில்லை என்றாலும் அந்தச் செய்தி உங்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஓர் அக்கா