முதலில் மேசையை எண்ணுங்கள், அப்புறம் துறைமுகத்தை எண்ணலாம்

சீட்டாட்டப் போட்டிக் கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த பயணத்துக்கு எந்தெந்தத் துறைமுகம் வேண்டும், பால்கனி கேபினா உள் கேபினா என்றெல்லாம் கேட்டு நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தேன். எல்லாம் சரி. 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிட அதிகம் சேர்க்க வேண்டிய பிளாக்ஜாக் ஆட்டத்துக்கு அந்தக் கப்பலில் எத்தனை மேசை இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை. நாம் போவது சீட்டாடத்தானே?

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலான இடங்களில் கேசினோவைப் பூட்டிவிடுவார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் கடல் எல்லை, அதற்குள் அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும் என்பதால் அதைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் மேசை திறக்கும். அப்படியிருக்க, 7 இரவுப் பயணத்தில் 5 துறைமுகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கினால் முழுப் பகலும் கடலிலேயே இருக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். போன முறை நடந்தது அதுதான். பகலெல்லாம் வெயிலில் சுற்றிவிட்டு, இரவு 11 மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே அரையிறுதி ஆடினோம். எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் 19 வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டு கேட்டார், டீலர் இரண்டு முறை கேட்டும் தலையாட்டினார், வந்தது 7. அப்புறம்தான் அவருக்குத் தூக்கம் கலைந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 பேர், மேசைக்கு 6 பேர் என்றால் 8 மேசை வேண்டும். கப்பல்காரர்கள் நமக்கென்று 4 மேசைதான் ஒதுக்குவார்கள் என்றால் முதல் சுற்றையே இரண்டு பிரிவாக நடத்த வேண்டும். சுற்றுக்கு 30 ஆட்டம் வைத்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், நடுவில் ஒவ்வொருவரிடமும் உள்ள சிப்ஸை, அதாவது பந்தயக் காசுகளை, எண்ண வேண்டும், தோற்றவர்களுக்கு மறுநுழைவு கொடுக்க வேண்டும், அதன் பிறகு அரையிறுதி, இறுதி. குறைந்தது இரண்டு கடல் நாள் இல்லாமல் இது நடக்காது. போக்கர் ஆடுகிறவர்கள் பாடு இன்னும் மோசம், பல கப்பல்களில் போக்கருக்கு ஒரே ஒரு மேசைதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் கிடையாது. கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது விதிமுறை. இதில் எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் இருக்கிறது, மறைக்கவில்லை. இறுதி மேசையின் கடைசி ஆட்டத்தில் என்னிடம் 1,400 சிப்ஸ், எதிராளியிடம் 1,150, அதிகபட்சப் பந்தயம் 500, முடிவில் யாரிடம் சிப்ஸ் அதிகமோ அவருக்கே கோப்பை. யார் முதலில் பந்தயம் வைப்பது என்பதைக் காட்டும் வில்லை ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாற வேண்டும். அந்த முறைப்படி அவர்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். கடைசி ஆட்டம் மட்டும் முதல் நாற்காலியில் இருந்துதான் தொடங்கும், அது இந்தக் கப்பலின் வழக்கம் என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார். முதல் நாற்காலி என்னுடையது. நான் 200 வைத்தேன், அவர் அதைப் பார்த்துவிட்டு நிதானமாக 500 வைத்தார், இரண்டு பேருமே டீலரை வென்றோம். எனக்கு 1,600, அவருக்கு 1,650. அவர் வைத்ததைப் பார்த்த பிறகு நான் வைத்திருந்தால் நானும் 500 வைத்திருப்பேன், கதை முடிந்திருக்கும். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள், கப்பல் நன்றாகத்தான் மிதந்துகொண்டிருந்தது, நான்தான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் கோபம் இல்லை, சரியாக ஆடினார். அந்த வழக்கம் எந்தத் தாளிலும் இல்லை என்பதுதான் என் புகார். இந்த முறை விதிகள் எழுத்தில் வரட்டும், கேசினோ மேலாளரின் கையெழுத்தோடு, கப்பல் ஏறுவதற்கு முன்பே. நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு பரிசாகத் திரும்புகிறது, கப்பல் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

போட்டி இல்லாத நேரத்தில் நம்மவர்கள் சும்மா இருக்கப் போவதில்லை, பக்கத்து மேசையில்தான் உட்காருவார்கள். அதனால் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்து பிளாக்ஜாக் அடித்தால், 2 வைத்ததற்கு 3 கொடுக்கிறார்களா, 5 வைத்ததற்கு 6 கொடுக்கிறார்களா என்று கேட்டு வையுங்கள். 10 வைத்தவருக்கு முதல் முறையில் 15 கிடைக்கும், இரண்டாவதில் 12தான். பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். வித்தியாசம் 3 தானே என்று தோன்றும், ஆனால் இந்த ஒரு மாற்றத்தாலேயே கேசினோவின் சாதகம், அதாவது சராசரியாக அதற்குப் போய்ச் சேரும் பங்கு, பந்தயத் தொகையில் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கூடிவிடுகிறது.

பணத்தைப் பற்றி ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழுவாகப் பதிவு செய்தால் பல கப்பல் நிறுவனங்கள் இத்தனை பேருக்கு ஒருவர் இலவசம் என்று சலுகை தருகின்றன. அந்த இலவச இடம் போன முறை யாருக்குப் போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அலைந்து திரிந்து வேலை பார்க்கிறவர் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பரிசுத் தொகையில் சேருங்கள். தனியாக வருகிறவர்களிடம் ஒரு கேபினுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணம் வாங்குவார்கள் என்பதால், கேபினைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறவர்களின் பட்டியலை இப்போதே தொடங்கினால் நாலு பேராவது கூடுதலாக வருவார்கள்.

இன்னொன்று, கேபின் சாவி அட்டையைத் தேய்த்தே சிப்ஸ் வாங்கும் வசதி. சில கப்பல்களில் அதற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கிறார்கள். எவ்வளவு போனது என்பது கடைசி நாள் பில்லில்தான் உறைக்கிறது. பயணத்துக்கு முன்பே அதற்கு ஒரு வரம்பு வைக்க முடியுமா, வேண்டாம் என்கிறவர்களுக்கு அதை அடைத்தே வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். எனக்கு அடைத்துவிடுங்கள்.

மேசை எண்ணிக்கை, கடல் நாள், விதித்தாள், இந்த மூன்றுக்கும் பதில் வந்த அன்றே என் முன்பணம் வந்துவிடும். துறைமுகம் எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
50 சிப்ஸில் கோப்பையை விட்டவர்